முன்பாரமும் பின்பாரமும்: கிளைடர் விமானத்தின் சமநிலை வரலாறு

மாட்டு வண்டியில் போக்குவரத்து நடந்த நாளில் முன்பாரம், பின்பாரம் என்னும் இரு சொற்கள் நம் ஊர்களில் எல்லார் வாயிலும் வழங்கின. வண்டியில் ஏறியவர்கள் எல்லாரும் முன்னே நெருக்கி உட்கார்ந்துவிட்டால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். எல்லாரும் பின்னே சாய்ந்துவிட்டாலோ நுகத்தடி மேலே எழும்பும்; பூட்டாங்கயிறு மாடுகளின் தொண்டையை இறுக்கும். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் முன்னே தள்ளி உட்காருங்கள்" என்பார். ஒருவர் ஒரு சாண் நகர்ந்ததும் வண்டி இலகுவாக ஓடத் தொடங்கும். மாடுகளின் வலிமை கூடவில்லை, பாதையும் மாறவில்லை. பாரம் தன் இடத்தை அடைந்தது, அவ்வளவே.

பட்டம் விடும் சிறுவர்களுக்கும் இதே உண்மை வேறு வடிவில் தெரியும். நூலைக் கட்டுவதற்கு முன் பட்டத்துக்குச் சூத்திரம் போடுகிறோம். அந்தச் சூத்திர முடிச்சு ஒரு விரற்கடை மேலே போனாலும் கீழே போனாலும், நல்ல காற்றில்கூடப் பட்டம் தலைகீழாகக் குத்தும். அல்லது எழும்பவே மறுக்கும். முடிச்சு சரியான இடத்தில் அமைந்துவிட்டால், கையில் நூலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் போதும். பட்டம் தானாகவே வானில் நிலைத்து நிற்கும்.

வண்டிக்காரரும் சிறுவனும் அறிந்த இந்தச் செய்தியை ஆகாயத்தில் நிலைநாட்ட மனிதகுலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்குச் சில அருமையான உயிர்களும் விலையாகப் போயின. எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர் விமானத்தின் சரித்திரத்தில் இந்தக் கதையை மிகத் தெளிவாகக் காணலாம். ஆகவே அதனையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இன்றைய கிளைடர் ஒன்றின் ஆசனத்தில் அமர்ந்து பார்த்தால், விமானியின் முழங்கால்களுக்கு நடுவே கட்டுப்பாட்டுத் தண்டு நிற்கும். அதை முன்னே தள்ளினால் மூக்கு தாழும், வேகம் கூடும். பின்னே இழுத்தால் மூக்கு உயரும், வேகம் குறையும். பக்கத்தில் சில பிடிகள் இருக்கும். இழுவைக் கயிற்றைக் கழற்றிவிடும் பிடி மஞ்சள் நிறம். இறங்குவதற்கு உதவும் காற்றுத் தடையின் பிடி நீல நிறம். ஆபத்து வேளையில் கண்ணாடி மூடியை எறிந்துவிடும் பிடி சிவப்பு நிறம். இவற்றோடு பச்சை நிறத்தில் ஒரு சிறு பிடியும் இருக்கும். அதற்கு விமானிகள் இட்ட பெயர் டிரிம். பார்வைக்கு அற்பமான இந்தப் பச்சைப் பிடியே நம் கதாநாயகன்.

அது செய்யும் வேலை என்ன? கிளைடரின் இறக்கை அதன் எடையைத் தாங்குகிறது. எடையின் மையம் சற்று முன்னே அமைந்திருப்பதால் மூக்கு எப்போதும் தாழவே பார்க்கும். வாலில் உள்ள சிறு இறக்கையோ காற்றின் உதவியால் வாலைக் கீழ்நோக்கி அழுத்தி, மூக்கு தாழாமல் காக்கிறது. இது தராசின் இரண்டு தட்டுகளைப் போன்ற ஏற்பாடு. இதில் ஓர் அழகு உண்டு. ஏதோ ஒரு காரணத்தால் விமானத்தின் வேகம் கூடிவிட்டால், வாலின்மீது காற்றின் அழுத்தமும் கூடும். வால் தாழ்ந்து மூக்கு உயரும். வேகம் தானே குறையும். வேகம் குறைந்துவிட்டால் வாலின் அழுத்தமும் குறையும்; மூக்கு தாழும்; இழந்த வேகம் திரும்பி வரும். அதாவது, வால் எந்தக் கோணத்தில் அமைந்திருக்கிறதோ அந்தக் கோணத்துக்கு உரிய ஒரு வேகத்தை விமானம் தானாகவே நாடும்.

அந்தக் கோணத்தைத் தண்டினால் மாற்றலாம். ஆனால் தண்டை ஓரிடத்தில் வைத்திருக்கக் கை விடாமல் தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ இருக்க வேண்டும். டிரிம் அந்தச் சுமையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது. விமானி தனக்கு வேண்டிய வேகத்தைத் தண்டினால் அமைத்து, பின் டிரிம்மை நகர்த்தித் தண்டில் அழுத்தம் இல்லாமல் செய்துவிடுவார். அதன்பின் அவர் கையை எடுத்தாலும் விமானம் அந்த வேகத்தைவிட்டு நெடுந்தூரம் விலகாது. எந்த வேகம் என்பதை மனிதன் தேர்ந்தெடுக்கிறான். அதைக் காப்பாற்றும் பொறுப்பை விமானம் ஏற்றுக்கொள்கிறது. இந்த உடன்பாடு எப்படி உண்டாயிற்று என்பதே இந்த வரலாறு.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஜார்ஜ் கெய்லி என்னும் பிரபு வாழ்ந்தார். 1773-ல் பிறந்தவர். பறவைகளைப் போல் இறக்கையடித்துப் பறக்க வேண்டும் என்று பலரும் கனவு கண்ட காலத்தில், தாங்குவதற்கு ஓர் இறக்கை, நிலைநிறுத்துவதற்கு ஒரு வால், முன்செலுத்துவதற்கு ஒரு விசை என்று மூன்றையும் பிரித்துப் பார்த்தவர் அவர். 1799-ல் அவர் ஒரு வெள்ளித் தகட்டின் ஒரு பக்கத்தில் இறக்கையின் மேல் செயற்படும் விசைகளையும், மறுபக்கத்தில் தாம் எண்ணிய விமானத்தின் உருவத்தையும் செதுக்கி வைத்தார். 1804-ல் ஏறத்தாழ 5 அடி நீளமுள்ள ஒரு மாதிரிக் கிளைடரைச் செய்தார். ஒரு கழி, அதன் மேல் பட்டம் போன்ற ஓர் இறக்கை, பின்னே சிலுவை வடிவில் ஒரு வால். அந்த வாலை வேண்டிய கோணத்துக்குத் திருப்பி வைக்கலாம். முன்னே ஓர் எடை. அதை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம்.

நகர்த்தக்கூடிய எடை, திருப்பக்கூடிய வால் என்னும் இந்த இரண்டையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்னது வண்டிக்காரரின் முறை. பின்னது பட்டம் விடும் சிறுவனின் முறை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கிளைடர் விமானங்கள் இந்த இரண்டு வழிகளையே நம்பிப் பறக்கின்றன. கெய்லி 1853-ல் தம் முதிய வயதில் ஒரு பெரிய கிளைடரைக் கட்டி, அதில் தம் வண்டியோட்டியை ஏற்றி ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே பறக்கவிட்டதாகச் சொல்வார்கள். வண்டி ஓட்டுவதற்கே வேலைக்கு வந்தேன், பறப்பதற்கு அல்ல என்று கூறி அந்த மனிதர் வேலையை விட்டு விலகினார் என்பதும் வழிவழியாக வரும் கதை.

கெய்லிக்குப் பிறகு இந்தச் சமநிலையின் இரகசியத்தை நன்கு தெளிந்தவர் அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர். 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பாரிஸ் நகரின் துய்லெரி பூங்காவில், முறுக்கிய ரப்பரின் விசையால் ஓடும் ஒரு சிறு விமானப் பொம்மையை அவர் பறக்கவிட்டார். அது 11 விநாடிகள் காற்றில் நிலைத்துப் பறந்தது. அதன் வாலை இறக்கையைவிடச் சற்றுக் கீழ்நோக்கிய கோணத்தில் அவர் அமைத்திருந்தார். யாருடைய கையும் படாமல் ஒரு விமானம் தன் ஏற்ற இறக்கத்தைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதற்கு அந்த 11 விநாடிகள் சாட்சி. பெனோவின் வாழ்க்கை துயரமாக முடிந்தது. பெரிய விமானம் ஒன்றைக் கட்ட அவர் தீட்டிய திட்டத்துக்குப் பொருளுதவி கிடைக்கவில்லை. 1880-ல், 30 வயதிலேயே, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆயினும் அவருடைய ரப்பர் பொம்மைகள் கடல் கடந்து சென்றன. 1878-ல் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் இரு புதல்வர்களுக்கு வாங்கிவந்து கொடுத்த பறக்கும் பொம்மை பெனோவின் அமைப்பை ஒட்டியதே. அந்தச் சிறுவர்களின் பெயர்கள் வில்பர் ரைட், ஆர்வில் ரைட்.

பொம்மை பறந்தது, மனிதன் பறக்க வேண்டாமா? அந்த முயற்சியில் தம்மையே ஈடுவைத்தவர் ஜெர்மானியரான ஓட்டோ லிலியென்தால். பறவைகளின் இறக்கைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1889-ல் ஒரு நூல் வெளியிட்ட இந்த எஞ்சினீயர், 1891 முதல் தாமே கட்டிய கிளைடர்களில் குன்றுகளிலிருந்து பறக்கலானார். பெர்லினுக்கு அருகே இதற்கென்றே 15 மீட்டர் உயரமுள்ள ஒரு செயற்கைக் குன்றையும் எழுப்பிக்கொண்டார். ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 2,000 முறை அவர் பறந்தார். சில வேளைகளில் 250 மீட்டர் தூரம் வரையிலும் சென்றார்.

ஆனால் அவருடைய கிளைடர்களில் விமானியின் கைக்கு அடங்கிய ஏற்றிறக்கத் தகடு கிடையாது. இறக்கையின் நடுவே தம் முழங்கைகளை ஊன்றித் தொங்கிக்கொண்டு, கால்களையும் இடுப்பையும் முன்னும் பின்னும் வீசி, தம் உடலின் எடையாலேயே அவர் சமநிலை காத்தார். வண்டிக்காரரின் முறைதான், ஆனால் இங்கே நகரும் பாரம் உயிருள்ள மனிதன். முழங்கை ஊன்றிய மனிதன் எவ்வளவு தூரம் நகர முடியும்? 1896 ஆகஸ்டு 9 அன்று, கோலன்பெர்க் குன்றில் பறந்துகொண்டிருந்தபோது காற்றின் வேகத்தில் கிளைடரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. அது முன்னேற்றம் இழந்து வானில் நின்றது. லிலியென்தால் உடலை முன்னே வீசிப் பார்த்தார், போதவில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது. மறுநாள் பெர்லினில் உயிர் நீத்தார்.

அவருடைய மரணச் செய்தி ரைட் சகோதரர்களின் உள்ளத்தில் விமான ஆர்வத்தைப் புதிதாகக் கிளறிவிட்டது. மனித உடலை எடைக்கல்லாக வைத்து விமானத்தை ஆள முடியாது என்பதை அவர்கள் அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். 1900, 1901, 1902 ஆகிய ஆண்டுகளில் வட கரோலினாவின் மணற்குன்றுகளில் அவர்கள் பறக்கவிட்ட கிளைடர்களில், கையால் அசைக்கக்கூடிய ஏற்றிறக்கத் தகடு இறக்கைக்கு முன்னே அமைந்திருந்தது. லிலியென்தாலுக்கு நேர்ந்தது போன்ற குத்தான வீழ்ச்சியிலிருந்து அது தம்மைக் காக்கும் என்று அவர்கள் கருதினார்கள்.

இங்கே வரலாறு இரு கிளையாகப் பிரிகிறது. பெனோவின் வழி வந்தவர்கள், விமானம் தானே நிலைத்து நிற்க வேண்டும் என்றார்கள். ரைட் சகோதரர்களோ, விமானம் நிலையற்றதாக இருந்தாலும் குற்றமில்லை. சைக்கிளை ஓட்டுவது போல் மனிதன் கணந்தோறும் ஆண்டுகொண்டிருந்தால் போதும் என்றார்கள். அவர்கள் சைக்கிள் வியாபாரிகள் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. 1903 டிசம்பர் 17 அன்று எஞ்சின் பூட்டிய அவர்களுடைய விமானம் முதல் முறை 12 விநாடிகள் பறந்தது. அலைமேல் படகு போல் ஏறி இறங்கிக்கொண்டே பறந்தது. விமானியின் கை ஒரு விநாடியும் ஓய முடியாது. பின்வந்த ஆண்டுகளில் விமானத்தின் முன்பகுதியில் இரும்புப் பாரத்தைக் கட்டி இந்தக் குதிப்பை அடக்கினார்கள். 1911 அக்டோபர் 24 அன்று ஆர்வில் ரைட் அதே மணற்குன்றுகளில் ஒரு புதிய கிளைடரில் 9 நிமிடம் 45 விநாடிகள் காற்றில் நிலைத்தார். அந்தக் கிளைடரின் மூக்குக்கு முன்னே நீண்ட ஒரு கழியின் நுனியில் மணல்மூட்டை ஒன்று கட்டப்பட்டிருந்தது! பறப்புக் கலையின் பேராசானும் இறுதியில் முன்பாரம் கட்டத்தான் வேண்டியிருந்தது. அன்று அவர் நிலைநாட்டிய சாதனை ஏறத்தாழப் பத்தாண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது.

இதற்கிடையே அறிஞர்களும் இந்தப் பொருளை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்தில் பிரெடெரிக் லாஞ்செஸ்டர் என்பவர் மாதிரிக் கிளைடர்களைப் பறக்கவிட்டு, கைவிடப்பட்ட விமானம் நேர்கோட்டில் செல்லாமல் நீண்ட, மென்மையான அலையாக ஏறி இறங்கிச் செல்வதைக் கண்டார். 1908-ல் வெளிவந்த தம் நூலில் அதற்குக் கிரேக்க மொழியிலிருந்து 'பியூகாயிட்' என்று பெயரிட்டார். பறத்தலைக் குறிக்கும் சொல் என்று நினைத்து, ஓடித் தப்புதலைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டார் என்பது பின்னால் தெரிந்தது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு கிளைடரில் இந்த அலை ஒருமுறை ஏறி இறங்கப் பத்துப் பன்னிரண்டு விநாடிகள் ஆகும். டிரிம் அமைத்த பின்னும் விமானி அவசரப்படாமல் சிறிது பொறுத்துப் பார்ப்பது இதனால்தான். வேகம் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திராமல் பிடியை அங்குமிங்கும் நகர்த்தினால், அலையைத் துரத்திக்கொண்டு ஓடுவதாகவே முடியும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் டிரிம் என்னும் கருவி கிளைடரில் உடனே தோன்றவில்லை. காரணம் எளிது. அரை நிமிடம் பறப்பவனுக்குக் கைவலி ஒரு பொருட்டல்ல. டிரிம்மின் தேவை பறக்கும் நேரத்தோடு வளர்ந்தது.

அந்த நேரம் வளர்ந்த இடம் ஜெர்மனியின் வாஸர்குப்பெ என்னும் மலை. உயரம் 950 மீட்டர். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு 1919-ஆம் ஆண்டின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை விமானத் துறையில் கடுமையான தடைகளை விதித்தது. எஞ்சின் மறுக்கப்பட்ட இளைஞர்கள் எஞ்சின் இல்லாமலே பறக்கத் துணிந்தார்கள். 1920-ல் ஓஸ்கார் உர்சினஸ் என்பவரின் முயற்சியால் அந்த மலையில் முதல் கிளைடர் போட்டி நடந்தது. 1922 ஆகஸ்டில் ஹானோவர் மாணவர்கள் கட்டிய 'வாம்பயர்' என்னும் கிளைடர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தது. அதே மாதத்தில் மூன்று மணி நேரத்தையும் எட்டியது. மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்று அதைத் தாங்கியது. பின்னர், வெயிலால் சூடேறி நிலத்திலிருந்து தூண்போல் எழும் வெப்பக் காற்றைப் பயன்படுத்தவும் கற்றார்கள். 1929-ல் ராபர்ட் குரோன்பெல்டு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைக் கிளைடரில் கடந்தார். 1933-ல் குர்ட் ஷ்மிட் என்பவர் கிழக்குப் பிரஷ்யாவின் கடற்கரையில் 36 மணி நேரத்துக்கும் மேலாகக் கீழே இறங்காமல் இருந்தார்.

முப்பத்தாறு மணி நேரம் ஒரு தண்டைத் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருப்பது எத்தகைய தண்டனை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தண்டில் நிலையாக நிற்கும் ஒரு கிலோ அழுத்தம் முதல் ஐந்து நிமிடங்களில் தெரியாது. ஒரு மணி நேரத்தில் தோள் வலிக்கும். மூன்று மணி நேரத்தில் மனம் மழுங்கும். மனம் மழுங்கிய விமானி காற்றையும் நிலத்தையும் கவனிப்பதை விட்டுத் தன் கையையே கவனிக்கத் தொடங்குகிறான். ஆபத்து அங்கேதான் பிறக்கிறது.

இதற்குப் பரிகாரம் இரு வடிவில் வந்தது. ஒன்று, ஏற்றிறக்கத் தகட்டின் பின் ஓரத்தில் இன்னொரு சிறு தகட்டைப் பொருத்துவது. சிறு தகட்டைக் கீழே சாய்த்தால் காற்று அதை மேல்நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் பெரிய தகட்டையே மேலே தூக்கிப் பிடிக்கும். மனிதன் செய்யவேண்டிய வேலையைக் காற்றே செய்துவிடுகிறது. பகைவனைக் கொண்டே காவல் வைக்கும் தந்திரம் இது. இத்தகைய சிறு தகட்டுக்கு ஜெர்மானிய எஞ்சினீயர் ஆன்டன் பிளெட்னரின் பெயர் வழங்குகிறது. சுழலும் உருளைகளைப் பாய்க்குப் பதிலாக நாட்டி 1924-ல் கப்பலோட்டிக் காட்டியவரும் அவரே. மற்றொரு வடிவம் இன்னும் எளியது. கட்டுப்பாட்டுத் தண்டோடு ஒரு சுருள்வில்லை இணைத்து, அந்த வில்லின் இழுவிசையைப் பச்சைப் பிடியால் கூட்டிக் குறைப்பது. பெரும்பாலான கண்ணாடியிழைக் கிளைடர்களில் இந்த வில் முறையே இருக்கிறது. சிலவற்றில் தண்டிலேயே ஒரு விசைக்கட்டை இருக்கும். வேண்டிய வேகத்தை அமைத்து, கட்டையை ஒருமுறை அழுத்தி விட்டால் டிரிம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிரிம்முக்குப் புதியதொரு மதிப்பு உண்டாயிற்று. வெப்பக் காற்றுத் தூணுக்குள் மெதுவாக வட்டமிட்டு உயர வேண்டும்; ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே விரைந்து ஓட வேண்டும். எந்த இடத்தில் எந்த வேகம் இலாபகரமானது என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் ஒரு வட்டத் தகட்டை அமெரிக்கரான பால் மக்ரெடி பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1956-ல் பிரான்ஸில் நடந்த உலகப் போட்டியில் அவரே வாகை சூடினார். வேகத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு கணிதக் கலை ஆனபோது, தேர்ந்தெடுத்த வேகத்தைக் கைவருத்தமின்றிக் காக்கும் கருவி இன்றியமையாததாயிற்று. 1957-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாணவர்கள் கட்டிய 'பீனிக்ஸ்' என்னும் கண்ணாடியிழைக் கிளைடர் பறந்தபின் கிளைடர்களின் வேகமும் வீச்சும் மேலும் பெருகின. ஒரு கணக்கைக் காட்டுவோம். உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் ஏ.எஸ்.கே. 21 என்னும் இருவர் கிளைடர், மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டருக்குக் கீழே சென்றால் தாங்கும் சக்தியை இழக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் அளவில் சென்றால், அசைவற்ற காற்றில் 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்லும். அதற்குமேல் விரைந்தால் இந்தத் தூரம் மீண்டும் குறையும். உயரமே கிளைடரின் செல்வம். அதைச் சிக்கனமாகச் செலவிடும் வேகத்தைக் கட்டிக்காப்பது டிரிம்.

ஆனால் எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. 1952-ல் பிரெஞ்சுக்காரரான சார்ல் ஆட்ஜே தன்னந்தனியாக 56 மணி 15 நிமிடம் பறந்தார். அந்தச் சாதனையை முறியடிக்க முயன்றவர்களில் உறக்கம் மேலிட்டு விழுந்து இறந்தவர்களும் உண்டு. டிரிம் இருந்துமா என்று கேட்கத் தோன்றும். டிரிம் காப்பது மூக்கின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே. ஓர் இறக்கை மெல்லத் தாழ்ந்து, விமானம் ஒருபுறம் சாய்ந்து, இறுகும் சுழலாக இறங்கத் தொடங்கினால் அதைத் தடுக்க டிரிம்முக்கு வழியில்லை. அது கையின் பாரத்தைக் குறைக்கலாம்; கண்ணின் வேலையை ஏற்காது. இதை உணர்ந்தே சர்வதேச விமான சம்மேளனம் நேரச் சாதனைகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. வெள்ளிச் சின்னம் பெற விரும்பும் விமானி 5 மணி நேரம் பறந்து காட்டினால் போதும் என்ற அளவோடு அந்த ஆசைக்கு வரம்பு கட்டப்பட்டது.

இன்னோர் எல்லை பாரத்தின் இடத்தைப் பற்றியது. உடல் எடை மிகக் குறைந்த ஒருவர் முன் ஆசனத்தில் தனியே அமர்ந்தால், எடையின் மையம் பின்னே நகர்ந்துவிடும். அதுவே பின்பாரம். அப்போது தராசின் அமைப்பே குலைந்து, விமானம் தன் வேகத்தைத் தானே நாடும் குணத்தை இழக்கும். டிரிம்மை முழுவதும் முன்னே தள்ளினாலும் அந்தக் குணம் திரும்பாது. அதனால்தான் ஒவ்வொரு கிளைடரிலும் விமானிக்கு இருக்கவேண்டிய குறைந்த எடையைப் பலகையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். எடை போதாதவர் ஈயக்கட்டிகளை முன்னே பொருத்திக்கொண்டே பறக்க வேண்டும். கெய்லியின் நகரும் எடையும் ஆர்வில் ரைட்டின் மணல்மூட்டையும் அந்த ஈயக்கட்டியாக நம் காலத்திலும் வாழ்கின்றன.

டிரிம் உயிர் காக்கும் தருணம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கிளைடர் தரையிறங்க வரும்போது விமானியின் கண்கள் இறங்கும் நிலத்தின்மேல் இருக்கும். உயரம் குறைந்துவிட்டதோ என்ற அச்சத்தில், அவர் அறியாமலே கை தண்டைப் பின்னே இழுக்கும். வேகம் குறையும், தரைக்கு அருகில் தாங்கும் சக்தி போய்விட்டால் மீள்வதற்கு உயரம் இல்லை. லிலியென்தால் விழுந்ததும் ஏறத்தாழ இந்த விதத்தில்தான். ஆனால் இறங்கும் வேகத்துக்கு உரியபடி டிரிம் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தால், கை பின்னே இழுக்கும்போதெல்லாம் தண்டு எதிர்த்து முன்னே போகப் பார்க்கும். அந்த எதிர்ப்பே எச்சரிக்கை. 'நீ தேர்ந்தெடுத்த வேகம் இதுவன்று' என்று விமானம் விமானியின் உள்ளங்கையில் சொல்கிறது. ஆகவே பயிற்சியாளர்கள் இரண்டு விதிகளை விடாமல் போதிப்பார்கள். முதலில் தண்டினால் மூக்கை அமைத்து, வேகம் நிலைத்தபின் டிரிம் செய்க என்பது ஒன்று. டிரிம்மைக் கொண்டு விமானத்தை ஓட்டாதே என்பது மற்றொன்று. புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியலிலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

இந்தக் கலைக்கு நம் நாட்டிலும் ஒரு வரலாறு இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் நம் சிவில் விமானத் துறை இளைஞர்களைக் கிளைடர் பயிற்சியில் ஊக்குவித்தது. புணே நகரை அடுத்த ஹடப்சரில் இருந்த பயிற்சி மையம் பல தலைமுறை மாணவர்களை வானுக்கு அனுப்பியது. கிளைடர்களை வெளிநாட்டிலிருந்து வாங்குவதோடு நில்லாமல், டில்லி சப்தர்ஜங் விமான நிலையத்தில் இருந்த அத்துறையின் தொழில்நுட்ப மையம் அவற்றை இங்கேயே வடிவமைக்கவும் முற்பட்டது. அங்கே எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த 'அசுவினி' 1958-லும், ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரும் 'ரோகிணி' 1961-லும் முதன்முதல் பறந்தன. ஒருவருக்கு மட்டும் இடமுள்ள 'கார்த்திக்' 1960களில் வந்தது. 'மிருகசீர்' 1970 அளவில் வந்தது. இவற்றோடு 'பரணி' என்ற கிளைடரும் உண்டு. அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம் என்று நாம் சிறுவயதில் வாய்ப்பாடாக ஒப்பித்த நட்சத்திர வரிசையே அங்கே விமானங்களின் பெயர் வரிசையாயிற்று. டில்லியில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் சப்தர்ஜங் சுவரைக் கடந்து போகும்போது இதை அறியாமலே போனவர்கள் நம்மில் பலர்.

ஆசிரியரும் மாணவரும் தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கும் அத்தகைய விமானங்களில் கையின் பாடமே முதற்பாடம். தண்டை இறுகப் பற்றுவது புதியவரின் இயல்பு. பயம் கையை இறுக்குகிறது. இறுகிய கைக்கு விமானம் சொல்வது கேட்காது. இரண்டு விரல்களால் பிடிக்கும் அளவுக்குக் கை தளர்ந்த பின்புதான் காற்றின் சிறு அசைவும் அதற்குத் தெரிய வரும். டிரிம் கையை ஓய்வு கொள்ளச் செய்கிறது என்று முன்பு சொன்னோம். உண்மையில் அது கையைக் கேட்கச் செய்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

ஆளப்படாத நிலைத்தன்மை பொம்மையோடு நின்றது; நிலைத்தன்மை இல்லாத ஆட்சி விமானியின் கையை ஓயவிடவில்லை. பெனோவின் வழியும் ரைட் சகோதரர்களின் வழியும் பகை தீர்ந்து கைகோத்த இடம் அந்தச் சிறு பச்சைப் பிடி.

மனிதன் இத்தனை பாடுபட்டுப் பெற்றதைப் பருந்து தன் உடலிலேயே கொண்டு பிறக்கிறது. வேனிற்காலத்து நண்பகலில் வட இந்திய நகரங்களின் வானத்தில் பருந்துகள் இறக்கையடிக்காமல் வட்டமிடுவதை நாம் நாள்தோறும் காணலாம். வேகம் கூட்டவேண்டும்போது அது இறக்கையைச் சற்றே பின்னே மடக்குகிறது; மெதுவாக வட்டமிட வேண்டும்போது இறக்கையை முன்னே நீட்டி வாலை விரிக்கிறது. பிறகு நெடுநேரம் அசைவில்லை. அடுத்த முறை அதைக் காணும்போது, அதன் வாலையும் ஒரு கணம் கவனித்துப் பார்ப்போம்.